ஹனோவரில் அழுத்திய தட்டும் சாவி கொடுக்கும் பெட்டியும்

எமில் பெர்லினர் 1851 மே 20 அன்று ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்தார். 1870-இல் பிழைப்புத் தேடி அமெரிக்கா போனவர், 1887-இல் தட்டையான வட்டில் ஒலியைப் பதிக்கும் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் வந்த கருவிகளைக் கையால்தான் சுற்ற வேண்டும். சுற்றுகிறவருக்குக் கை சோர்ந்தால் பாடுகிறவரின் சுருதியும் இறங்கிவிடும். 1896-இல் கேம்டன் நகரத்துப் பட்டறைக்காரர் எல்ட்ரிட்ஜ் ஜான்சன் அதற்கு ஒரு சுருள்வில் மோட்டார் செய்து கொடுத்தார். அதன் பிறகுதான் கூடத்தில் வைத்துக் குடும்பத்தோடு பாட்டுக் கேட்க முடிந்தது. 1898 டிசம்பர் 6 அன்று எமிலும் தம்பி யோசேஃபும் ஹனோவரில் டாய்ச்ச கிராமபோன் நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

நம் நாட்டுப் பாட்டும் முதலில் அந்த ஊருக்குத்தான் போனது. 1902 நவம்பரில் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பெர்க் கொல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானைப் பாடவைத்து மெழுகில் பதிவு செய்தார். மெழுகுப் பதிவுகள் கப்பலேறி ஹனோவர் சென்றன. அங்கே அழுத்திய தட்டுகள் மறு ஆண்டு இந்தியாவுக்கு வந்து விற்பனையாயின. லேபிளில் ஹனோவர் என்ற பெயரே இருந்தது. தட்டின் மூலப்பொருளான அரக்கோ நம் காடுகளில் பூச்சி சுரந்தது. 1908-இல் கொல்கத்தாவின் சியால்டாவில் ஆலை வரும்வரை இந்தப் போக்குவரத்து நடந்தது. அந்த ஆண்டுகளிலேயே சேலம் கோதாவரியைப் போன்ற தென்னகப் பாடகிகளின் குரலும் தட்டில் ஏறிவிட்டது.

அன்று பெட்டி வைத்திருந்தவர்களுக்கு அதைப் பராமரிப்பது பாட்டுக் கேட்பதில் ஒரு பாதி. எஃகு ஊசியை ஒரு பக்கம் ஓடியதும் மாற்றிவிடுவார்கள். தேய்ந்த ஊசி தட்டின் வரியைச் சீவிவிடும் என்பது வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். கேட்டு முடித்தபின் வில்லை முறுக்கோடு விடாமல் மோட்டாரை ஓடவிட்டுத் தளர்த்தி வைப்பார்கள். மோட்டார் மக்கர் செய்தால் கடிகாரம் பார்க்கிறவரோ தையல் மெஷின் பார்க்கிறவரோ திறந்து பார்ப்பார். சென்னையில் ஊசி டப்பாவுக்கும் பழைய தட்டுக்கும் மூர் மார்க்கெட்டுக்குப் போவார்கள். அது 1985-இல் தீக்கிரையானது.

மோட்டாருக்குள் இருப்பவை சில பொருள்கள்தாம். உருளையான ஒரு டப்பிக்குள் சில மீட்டர் நீள எஃகு நாடா சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அதன் ஒரு முனை டப்பியின் சுவரிலும் மறுமுனை நடு அச்சிலும் மாட்டியிருக்கும். சாவி கொடுத்தால் நாடா இறுகும். அது விரியும்போது பல்சக்கரங்கள் ஓடும். நிமிடத்துக்கு 78 சுற்று என்ற வேகத்தைக் காப்பது கவர்னர். மெல்லிய தகடுகளில் பொருத்திய மூன்று ஈயக் குண்டுகள் சுழன்று விரிய, ஒரு வட்டு நகர்ந்து தோல் பட்டையில் உரசும். அந்த உரசலே வேகத்தை அடக்கும். பட்டை காய்ந்தால் கீச்சிடும், வேகம் ஆடும். இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் போதும், பாட்டு நிலைக்கு வந்துவிடும். இவ்வளவு நுட்பமான காரியத்தைக் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளும்படி செய்திருக்கிறார்களே என்று ஒவ்வொரு முறையும் எனக்கு மலைப்பாக இருக்கும்.

ஆபத்து டப்பிக்குள் இருக்கிறது. கிராபைட் கலந்த கிரீஸ் பல ஆண்டுகளில் தாராகக் காய்ந்துவிடும். நாடாவின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டியவை திடீரென்று விடுபடும்போது பெட்டிக்குள் ‘டும்’ என்று அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் சாவி கொடுப்பதை நிறுத்த வேண்டும். மோட்டாரை முழுக்க ஓடவிட்டு முறுக்கைத் தீர்த்த பிறகே டப்பியைக் கழற்ற வேண்டும். முறுக்குத் தீர்ந்த நாடாவுக்கும் டப்பிக்குள் விசை உண்டு. தடித்த தோல் கையுறை போட்டு, நடுவிலிருந்து ஒவ்வொரு சுற்றாக விட்டு விட்டு எடுக்க வேண்டும். ஒரேயடியாக இழுத்தால் விரலைக் கிழித்துவிடும். பிறகு மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, விரிசல் இருக்கிறதா, முனைத் துளை கிழிந்திருக்கிறதா என்று பார்த்து, ஈரம் போக உலர்த்தி, புதுக் கிரீஸ் தடவி, வெளி முனையை மாட்டிக் கையாலேயே திரும்பச் சுருட்ட வேண்டும்.

ஹனோவர் பிறகு வெகுதூரம் போய்விட்டது. அரக்கு போய் வினைல் வந்தது, அதன்பின் கேசட். 1982 ஆகஸ்ட் 17 அன்று, நகரை ஒட்டிய லாங்கன்ஹாகன் ஆலையில் ‘அபா’ குழுவின் இசைத்தொகுப்பு குறுந்தகடாக வெளிவந்தது. விற்பனைக்காகத் தயாரான முதல் குறுந்தகடுகள் அவை. பெர்லினர் பெயர் தாங்கிய ஒலிப்பதிவுக்கூடம் 2010-இல் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தது. ஹனோவரின் லைன ஆற்றங்கரையில் 1967 முதல் சனிக்கிழமைச் சந்தை கூடுகிறது. பழம்பொருள் தேடுகிறவர்கள் போகிற இடம் அது.

குறுந்தகடு ஓட்டும் கருவி பழுதானால் லேசர் பகுதியை மாற்றலாம், அல்லது தூக்கி எறியலாம். உதிரிப் பாகம் நின்றுபோனால் கதை முடிந்தது. வில் மோட்டாரை 1910-இல் திறந்த திருப்புளியாலேயே இன்றும் திறக்கலாம். புதிய நாடாவை இன்றும் செய்து விற்கிறார்கள். நூறு ஆண்டைத் தாண்டி உழைக்க அதற்குத் தேவைப்படுவது கிரீஸும் பொறுமையான கையும்தான். எது மேலான வேலைப்பாடு என்று கேட்டால் எனக்குத் தயக்கமே இல்லை.

தமிழ்நாட்டில் இன்று நடப்பதுதான் மனத்தை வருத்துகிறது. மோட்டாரை எடைக்குப் போட்டுவிட்டுப் பெட்டியையும் பித்தளைக் குழலையும் ஓட்டல் வரவேற்பறையில் அலங்காரமாக வைக்கிறார்கள். தாத்தா வீட்டுப் பரணில் அப்படியொரு பெட்டி உங்களுக்குக் கிடைத்தால், கிடைத்த மகிழ்ச்சியில் முதல் காரியமாகச் சாவி கொடுத்துவிடாதீர்கள். கடிகார வேலை தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய் டப்பியைத் திறக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். விற்றே தீரவேண்டும் என்றால் மோட்டாரோடு சேர்த்து விற்றுவிடுங்கள்.