கறுப்புக்கு மேல் கறுப்பு

மதுரை அவனியாபுரத்தில் எந்த வாட்டர் சர்வீஸ் கடையில் காரை விட்டாலும் கடைசி வேலை டயருக்குத்தான். மேலே கழுவி, உள்ளே தூசி உறிஞ்சி, கண்ணாடி துடைத்து முடித்தபின், பையன் ஒருவன் பால் போன்ற ஒரு திரவத்தை ஸ்பாஞ்சில் ஊற்றி நான்கு டயரையும் சுற்றித் தேய்ப்பான். சாம்பலும் பழுப்புமாகக் கிடந்த ரப்பர் இரண்டு நிமிடத்தில் ஷோரூம் கறுப்புக்குத் திரும்பிவிடும். டயர் மின்னினால் கார் முழுவதுமே புதிதாகத் தெரிகிறது. கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் ரிங் ரோட்டில் நாலு நாள் ஓடினால் அந்த மினுக்கம் மங்கிவிடுகிறது. அது எங்கே போகிறது? ஒரு பாலிஷ் முதல் மழையிலேயே கரைந்துவிட, இன்னொன்று மாதக்கணக்கில் தாங்குவது எப்படி? விடை தேட முதலில் டயருக்குள்ளேயே போகவேண்டும்.

ரப்பரின் இயல்பான நிறம் கறுப்பே இல்லை. கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் வடியும் ரப்பர் பால் வெள்ளை. உறைந்து காய்ந்தால் வெளிர் மஞ்சள். மிச்செலின் நிறுவனத்தின் சின்னமான டயர் மனிதன் 1898இல் பிறந்தான். அவன் இன்றும் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம், அன்றைய டயர்கள் கறுப்பாக இல்லாததுதான். 1904இல் லண்டன் சில்வர்டவுன் ஆலையில் எஸ்.சி. மோட் என்பவர், எண்ணெயை அரைகுறையாக எரித்தெடுக்கும் கரித்தூளை ரப்பரில் கலந்தால் அதன் வலிமை பெருமளவு கூடுகிறது என்று கண்டார். இன்று டயர் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்தக் கரித்தூள். தொழிலில் இதன் பெயர் கார்பன் பிளாக். ஒரு துகளின் குறுக்களவு சில பத்து நானோமீட்டர். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துகள்களை வரிசையாக அடுக்கிவிடலாம். இவை ரப்பர் இழைகளைப் பிணைத்து நிறுத்துவதோடு, வெயிலின் புறஊதாக் கதிர்களையும் மேற்பரப்பிலேயே விழுங்கிவிடுகின்றன. மதுரை வெயில் டயரை நேரடியாக அரிக்காமல் இருப்பதற்கு முதல் காரணம் அதன் கறுப்புதான்.

வெயிலைவிடப் பெரிய எதிரி காற்றில் இருக்கிறது. அதன் பெயர் ஓசோன். வானத்தின் உயரத்தில் நம்மைக் காக்கும் அதே வாயு, தரைமட்டத்தில் வண்டிப் புகையும் வெயிலும் சேரும்போது உருவாகிறது. பத்துக் கோடிக் காற்று மூலக்கூறுகளில் ஐந்தாறு ஓசோன் இருந்தாலே போதும். ரப்பர் இழையில் கார்பன் அணுக்கள் இரட்டைக் கை கோத்திருக்கும் இடங்களைத் தேடிப்பிடித்து வெட்டும். இதில் ஒரு விந்தை உண்டு. தளர்ந்து கிடக்கும் ரப்பரில் அந்த வெட்டு வெளியே தெரியாது. இழுபட்டிருக்கும் ரப்பரில்தான் விரிசலாக வாய் திறக்கும். காற்றடைத்த டயரின் பக்கச் சுவர் எப்போதும் இழுபட்டேதான் இருக்கிறது. ஓடாமல் நிற்கும் பழைய கார்களின் டயரில் மயிரிழை மயிரிழையாகத் தெரியும் வெடிப்புகளில் பெரும்பங்கு ஓசோனின் கைவேலை.

இதற்கான மருந்தை டயர் பிறக்கும்போதே உள்ளே வைத்துவிடுகிறார்கள். மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ராவின் ஆலை இருப்பதால் டயர் வார்ப்பு மதுரைக்குப் புதிதல்ல. அந்த நிறுவனம் 1982இல் தொடங்கியது. உலகின் எந்த டயர் ஆலையிலும் ரப்பர் கலவையில் கரித்தூளோடு இரண்டு காவலர்கள் சேர்கிறார்கள். ஒன்று மெழுகு. மற்றொன்று ஓசோன் தடுப்பான், அதாவது ஓசோன் ரப்பரைத் தொடுமுன் தானே முன்னால் போய் அதனோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும் பொருள். பரவலாகப் பயன்படுவதன் பெயர் 6பிபிடி. ரப்பர் தாங்கும் அளவைவிடச் சற்று கூடுதலாகவே இவற்றைக் கலக்கிறார்கள். உள்ளே இடமில்லாத மிகுதி, மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு ஊர்ந்து வரும். இதைப் பூத்தல் என்கிறார்கள். வண்டி நிற்கும்போது மெழுகுப் படலம் காக்கிறது. ஓட்டத்தின் நெளிவில் அது உடைந்துவிடும். அப்போது ஓசோன் தடுப்பான் பொறுப்பேற்கும். டயர் நெளிய நெளியப் புதுச் சரக்கு மேலே வருவதால், ஓடும் டயரைவிட ஓடாத டயரில்தான் சீக்கிரம் விரிசல் விழுகிறது.

ஓசோனோடு வினைபுரிந்த அந்தத் தடுப்பானின் நிறம் என்ன தெரியுமா? பழுப்பு. வாட்டர் சர்வீஸில் பிரஷ் போட்டுத் தேய்க்கும்போது முதலில் வழியும் பழுப்பு நுரையில் சாலை அழுக்கு பாதிதான். மீதி, டயர் தன்மேல் தானே பூசிக்கொண்ட கவசம். தேய்த்து எடுத்ததற்காகக் கவலைப்பட வேண்டாம், உள்ளே இருப்பு உண்டு, மறுபடி வரும். இந்தத் தடுப்பானுக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. ஓசோனோடு சேர்ந்து இது உருமாறும் பொருள்களில் ஒன்று, டயர்த் தேய்மானத் தூளோடு மழைநீரில் ஓடி, அமெரிக்காவின் சியாட்டில் பகுதி ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொன்றுவந்தது 2020இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

சரி, மேலே பூசும் பாலிஷுக்கு வருவோம். அது ஒளியைக் கூட்டுகிறது என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில் குறைக்கிறது! வெறும் ரப்பரின் மேல் நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு நாலு பங்கு அளவு மேற்பரப்பிலேயே திரும்புகிறது. பாலிஷில் உள்ள சிலிக்கோன் எண்ணெயின் ஒளிவிலகல் எண், அதாவது ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதற்கான அளவு, ரப்பரைவிடக் குறைவு. எனவே அதன்மேல் திரும்புவது மூன்று பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆனால் வெறும் ரப்பர் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களால் அந்த நாலு பங்கையும் எல்லாப் பக்கமும் இறைத்துவிடுகிறது. எங்கிருந்து பார்த்தாலும் கொஞ்சம் வெளுப்பு கண்ணில் விழ, டயர் சாம்பலாகத் தெரிகிறது. எண்ணெய் அந்தப் பள்ளங்களை நிரப்பி மட்டமாக்கியதும், மூன்று பங்கும் ஒரே திசையில் கட்டாகப் போகிறது. அந்தத் திசையில் நின்றால் மினுக்கம். மற்ற எல்லாத் திசையிலும் இருட்டு. எண்ணெய்க்காப்பு முடிந்த கருங்கல் சிலை திடீரென்று கன்னங்கரேலென்று ஆவதும் இதே கணக்கில்தான்.

இந்த மினுக்கத்தை அளக்க ஒரு கைக்கருவி உண்டு. 60 பாகைச் சாய்வில் ஒளியைப் பாய்ச்சி, அதே சாய்வில் மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று பார்க்கும். மெருகேற்றிய கறுப்புக் கண்ணாடிக்கு 100 மதிப்பெண். அந்த நூறு வாங்கிய கண்ணாடிகூட, விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. பத்துக்குக் கீழே என்றால் மங்கல், எழுபதைத் தாண்டினால் கண்ணைப் பறிக்கும் பளபளப்பு.

பாலிஷின் உயிரான சிலிக்கோனுக்குப் பெயர் வைத்தவர் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இருந்த ஃபிரெடரிக் கிப்பிங். பல்லாண்டு இதே ஆய்வில் கழித்தவர், இதனால் பெரிய பயன் எதுவும் விளையும் என்று தாம் நம்பவில்லை என 1930களில் ஓர் உரையில் சொன்னார். இன்று தலைக்குப் பூசும் சீரம் முதல் டயர் வரை அதுதான். மணலில் உள்ள சிலிக்கானும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலி அது. அந்தப் பிணைப்பு சாதாரண எண்ணெயின் கார்பன் பிணைப்பைவிட வலுவானது. வெயிலில் எளிதில் அறாது. அதன் பரப்பு இழுவிசை, அதாவது ஒரு திரவம் தன்னைத்தானே சுருட்டிக்கொள்ளத் துடிக்கும் வேகம், தண்ணீருடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே ரப்பர்மேல் தானாகவே படர்கிறது, மேலே விழும் தண்ணீரை முத்து முத்தாக உருட்டிவிடுகிறது.

ஒரு டயரின் வெளிப்பக்கச் சுவருக்கு எவ்வளவு பாலிஷ் தேவை? சின்ன கார்களில் காணும் 175/65 ஆர்14 அளவில் அந்தப் பரப்பு ஏறத்தாழ 1,700 சதுர சென்டிமீட்டர். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி தடவினால் படலத்தின் கனம் 30 மைக்ரான். தண்ணீர் ஆவியானபின் எஞ்சுவது அதிலும் ஒரு பகுதிதான்.

இனி அந்த மெல்லிய படலம் படும் பாட்டைப் பாருங்கள். நூறு மீட்டருக்கு டயர் ஏறத்தாழ 54 சுற்று சுற்றுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணெயை வெளியே தள்ளும் விசை, புவியீர்ப்பைப்போல 130 மடங்குக்கு மேல். காயாத பாலிஷ் கதவுக்குக் கீழே கறுப்புப் புள்ளிகளாகத் தெறிப்பது இதனால்தான். போதாததற்கு, ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் இடத்தில் சுவர் ஒருமுறை புடைத்து மீள்கிறது. மதுரையிலிருந்து ராமேசுவரம் போய்ச் சேருமுன் படலம் ஏறத்தாழ 90,000 முறை மடங்கி நிமிர்ந்திருக்கும்.

சந்தையில் உள்ள பூச்சுகள் இந்தச் சோதனைக்கு மூன்று விதமாக விடை சொல்கின்றன. முதல் வகை, பெட்ரோலிய கரைப்பானில் சிலிக்கோனைக் கரைத்தது. கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். கெட்டியான எண்ணெய், கனமான படலம். முதல் நாள் பளபளப்பில் இதை வெல்ல ஆள் இல்லை. மழை எளிதில் கழுவாது. ஆனால் பிசுபிசுப்பு போகாததால் தெறிக்கும், நம் ஊர்த் தூசியை இழுத்து அப்பிக்கொள்ளும். இரண்டாம் வகை, தண்ணீரில் சிலிக்கோன் துளிகள் மிதக்கும் பால்மம். நம் கடைப் பையன் கையில் இருக்கும் வெள்ளைத் திரவம் பெரும்பாலும் இதுதான். பளபளப்பு மிதமானது, ஆயுளும் சில நாள் முதல் ஓரிரு வாரம். ரப்பருக்குச் சாது.

மூன்றாம் வகையில்தான் உண்மையான சாமர்த்தியம். அக்ரிலிக் பூச்சில் தண்ணீருக்குள் நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகள் மிதக்கின்றன. தண்ணீர் ஆவியாக ஆவியாக அவை நெருங்கி, நசுங்கி, எல்லை அழிந்து ஒரே தோலாக இணைகின்றன. செராமிக் என்று விற்கப்படும் பூச்சுகளோ காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தமக்குள் பிணைந்து, சிலிக்கா வலையாக இறுகுகின்றன. காரின் பெயின்ட்மேல் பூசும் கடினமான செராமிக்கை டயரில் பூசினால் அந்த 90,000 மடிப்பில் நொறுங்கிவிடும். அதனால் டயருக்கென்று வருபவற்றில் வளைந்துகொடுக்கும் சங்கிலிகளைச் சேர்க்கிறார்கள். இவை தெறிக்காது, தூசி பிடிக்காது, சரியாகப் பூசினால் மாதக்கணக்கில் நிற்கும். ஆனால் மெல்லிய தோல் ரப்பரின் மேடுபள்ளத்தை அப்படியே பின்தொடர்வதால் கிடைப்பது பட்டுபோன்ற அடக்கமான மினுக்கம்தான். பளபளப்பு கேட்பது கனத்தையும் ஈரத்தையும்; ஆயுள் கேட்பது மெலிவையும் இறுக்கத்தையும். இரண்டையும் ஒரே புட்டியில் முழுதாகத் தருவதாகச் சொல்லும் விளம்பரத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கலாம்.

அந்த இறுகிய தோலுக்கும் முடிவு அடியிலிருந்தே வருகிறது. ஆறு மாதமே தாங்கட்டும். கீழே டயர் தன் மெழுகையும் தடுப்பானையும் விடாமல் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். பிடிப்பு தளரும், பழுப்பு எட்டிப்பார்க்கும். ஆகவே பூச்சின் ஆயுளில் பாதி, பூசுவதற்கு முன் தேய்க்கும் பிரஷில் இருக்கிறது. நுரை பழுப்பு நீங்கி வெள்ளையாக வரும்வரை தேய்த்து, நன்றாகக் காயவிட்டுப் பூசவேண்டும். அவசரத்தில் ஈர டயரில் பூசினால் எந்த விலைப் பூச்சும் ஒரு வாரத்தில் உரியும்.

லேபிளில் பெரிய எழுத்தில் இருக்கும் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லுக்கு என் மதிப்பெண் குறைவுதான். சிலிக்கோன் புறஊதாக் கதிரைப் பெரிதாகத் தடுப்பதில்லை. தனியாக வடிகட்டிப் பொருள் சேர்த்தால்தான் உண்டு. வாயுக்கள் எளிதில் ஊடுருவும் பொருள்களில் சிலிக்கோன் முன்னணியில் நிற்பது. கண்ணுக்குள் ஆக்சிஜன் போகவேண்டும் என்பதற்காக கான்டாக்ட் லென்ஸில் அதைச் சேர்ப்பதே இதனால்தான். ஓசோனுக்கும் அது கதவைத் திறந்துதான் வைக்கும். டயரைக் காக்கும் பெரிய வேலை ஆலையிலேயே முடிந்துவிட்டது. நாம் பூசுவது அலங்காரம், சேறு ஒட்டாமல் இருக்கும் வசதி. அதற்காக அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் நசுக்கப்போகும் டயர் கறுத்து மின்னத்தானே வேண்டும்.

கெடுதல் செய்வது வேறு. டீசலும் கழிவு ஆயிலும் தேய்த்தால் டயர் உடனே கறுப்பாகும், செலவும் இல்லை. ஆனால் ரப்பரும் ஹைட்ரோகார்பன், டீசலும் ஹைட்ரோகார்பன். உறவு என்று உள்ளே புகுந்து ரப்பரை ஊதவைத்து மென்மையாக்கும். உள்ளிருக்கும் மெழுகையும் தடுப்பானையும் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும். ஒரு நாள் மினுக்கத்துக்கு டயரின் பல ஆண்டுச் சேமிப்பைக் கொடுப்பது மோசமான வியாபாரம்.

எந்தப் பூச்சு உங்களுக்கு ஏற்றது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஒரே டயரின் சுவரை மாஸ்கிங் டேப்பால் இரண்டாகப் பிரித்து, பாதியில் ஒன்றும் மறுபாதியில் இன்னொன்றும் பூசுங்கள். வாரம் ஒருமுறை தண்ணீர் தெளியுங்கள். முத்தாக உருண்டால் படலம் இருக்கிறது. தட்டையாகப் படர்ந்தால் போய்விட்டது.

சாலையைத் தொடும் பட்டன் பகுதியில் மட்டும் ஒரு சொட்டுகூடப் படவேண்டாம். பைக், ஸ்கூட்டர் டயரில் வேண்டவே வேண்டாம். வளைவில் சாயும்போது அதன் ஓரம்தான் சாலையைப் பிடிக்கிறது, வழுக்கினால் ஆள் விழுவார். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் மின்னும் டயரைப் பார்த்து மயங்காமல், பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்ணைப் படியுங்கள். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் வார்த்த டயர். அந்த எண்ணை எந்தப் பாலிஷும் மாற்றாது.