உறைபனியும் கான்கிரீட்டும்

கிணற்று நீரும் குளத்து நீரும் என்றும் உறையாத புதுக்கோட்டைச் சீமையில் வாழும் நமக்கு, தண்ணீர் கல்லையும் பிளக்கும் என்பது வியப்பாகத் தோன்றும். நம் கண்மாய்களின் கலிங்குகள் வெள்ளத்தையும் வெயிலையும் தாங்கினாற் போதும். நம் தேயத்தின் வடகோடியாகிய லடாக்கிலோ, பனிக்காலத்தில் சன்ஸ்கர் ஆறு மக்கள் மேலே நடந்து செல்லுமளவு இறுகுவதுண்டு. அத்தகைய நிலங்களில் அணைக்கும் கால்வாய்க்கும் உறைபனி பெரும்பகையாம். அது தொழிற்படும் முறையை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவாம்.

கான்கிரீட்டு பார்வைக்குக் கல்லே போன்றதாயினும், உள்ளே எண்ணிறந்த நுண்துளைகளை உடையது. அவற்றுட் புகுந்த நீர் உறையுங்கால் பருமனில் நூற்றுக்கு 9 பங்கு பெருகும். துளையில் வெற்றிடம் இருப்பின் கேடில்லை. நூற்றுக்கு 91 பங்குக்கு மேல் நீர் நிறைந்திருப்பின் பெருகுதற்கு இடமில்லை. அப்பொழுது உறையாது எஞ்சிய நீர் நெருக்குண்டு துளைச்சுவர்களைத் தாக்குகின்றது. இக்கருத்தை 1945இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் பவர்ஸ் வெளியிட்டார். பனிக்கட்டி அயலிலுள்ள நீரை ஈர்த்து வளர்தலும் ஒரு காரணமெனப் பின்னர் அறியப்பட்டது.

ஒருமுறை உறைதலினும், உறைந்தும் உருகியும் மாறி வருதலே கொடிது. ஒவ்வோர் உருகலிலும் புதுநீர் விரிசலுட் புகும். முதலில் மேற்பரப்பு செதில் செதிலாக உதிரும். பின்னர்ச் சல்லி வெளிப்படும். இறுதியில் விளிம்புகள் சிதையும். நீர்மட்டம் ஏறியிறங்கும் பகுதியிலேயே இக்கேடு மிகுதி. உலர்ந்த பகுதி பெரிதும் பிழைக்கும்.

இதற்கு மாற்று யாது? 1930ஆம் ஆண்டுகளில் அமெரிக்கச் சாலைகள் சிலவற்றின் கான்கிரீட்டு உறைபனிக்கு ஈடுகொடுத்து நின்றது. சிமெண்டை அரைக்குங்கால் சேர்த்த கொழுப்பு, கலவையில் நுண்ணிய காற்றுக் குமிழிகளை உண்டாக்கியிருந்தமையே காரணமெனத் தெரிந்தது. நெருக்குண்ட நீர் அக்குமிழிகளில் ஒதுங்கி இளைப்பாறும். ஆதலின் இன்று அதற்கென ஒரு மருந்தைக் கலவையிற் சேர்க்கின்றனர். இருபது மில்லிமீட்டர்ச் சல்லியிட்ட கான்கிரீட்டில், நூற்றுக்கு 5 பங்கு அளவிற் காற்று இருத்தல் வேண்டுமென 2000ஆம் ஆண்டின் இந்தியத் தரநிலை 456 கூறுகின்றது. இதனால் வலிமை சிறிது குறையினும் ஆயுள் நீளும்.

நம் மணமேல்குடி, கோட்டைப்பட்டினக் கரைகளில் உறைபனி இல்லை. எனினும் சுவரில் ஊறிய உப்புநீர் உலர, உப்பு துளைக்குள்ளே திரண்டு பூச்சை உதிர்ப்பது இதனோடு ஒத்த செயலே. எங்கும் துளையும் நீருமே வாயிலாகின்றன.

கன்மலைமேல் வீடு கட்டிய புத்திமானை வேதாகமத்தில் அறிவோம். குளிர்நாட்டிற் கட்டுவோனுக்கு அடித்தளத்தின் உறுதியோடு கலவையின் நுட்பமும் வேண்டும். இறுகிய கான்கிரீட்டினுள் அக்குமிழிகளைப் பின்னர்ப் புகுத்தல் இயலாது. கலவை குழைக்கும் நாளிலேயே வரும் பனிக்காலத்தை எண்ணுவோனே அணைக்கீழ் வாழும் ஊர்களைக் காப்பவனாவான்.