குடியிருப்பவரைக் கேட்டுக் கட்டிய வீடு

சில வருஷங்களுக்கு முன் செங்கற்பட்டில் நாம் ஒரு வீடு கட்டினோம். வரைபடம் வெகு அழகாயிருந்தது. அதற்கு இடையூறாக நின்ற வேப்பமரத்தை வெட்டிவிட்டோம். இப்போது சித்திரை மாதத்துப் பகற்பொழுதைக் கழிக்க, அண்டை வீட்டு ஓட்டுத் தாழ்வாரத்தைத் தேடிப் போகிறோம்! இந்த அநுபவத்தைச் சுமந்துகொண்டுதான் சமீபத்தில் நம் மாணவர்களுடன் முட்டுக்காட்டுக்குச் சென்றோம்.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் இருக்கிறது தட்சிண சித்ரா. தென்னாட்டுப் பழைய வீடுகள் பலவற்றைப் பிரித்தெடுத்து வந்து, இங்கே மறுபடியும் நிறுத்தியிருக்கிறார்கள். 1996-ம் வருஷம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இந்த இடத்துக்குத் திட்டம் வகுத்தவர் லாரி பேக்கர். அவருடைய வழி வந்த பென்னி குரியகோஸ் அவ்வேலையை முன்னெடுத்துச் சென்றார்.

பேக்கர் 1917-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது சீனத்தில் நோயாளிகளுக்குத் தொண்டு செய்துவிட்டு, ஊர் திரும்பக் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தார். அங்கே காந்தியடிகளைச் சந்தித்தார். ஏழைக்கு ஏற்ற வீடு, ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே கட்டப்பட வேண்டும் என்ற அடிகளின் கருத்து அவர் உள்ளத்தில் ஊன்றிவிட்டது. 1945-ல் இந்தியாவுக்கே திரும்பி வந்தார். இமயமலைச் சாரலிலும் பின்னர் கேரளத்திலும் வாழ்ந்து, இந்தியப் பிரஜையாகி, 2007-ல் திருவனந்தபுரத்தில் மறைந்தார்.

அவர் கையாண்ட முறைதான் என்ன? செங்கற்களைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி அடுக்கி, சுவரின் நடுவே வெற்றிடம் விடுவார். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். வெயிலின் சூடும் எளிதில் உள்ளே புகாது. தளத்தில் சிமெண்டு வீணாகும் இடங்களில் பழைய ஓடுகளைப் பதிப்பார். ஜன்னலுக்குப் பதிலாகச் செங்கல்லிலேயே துவாரங்கள் விட்டுக் காற்றை அழைப்பார். மரம் குறுக்கிட்டால் மரத்தை வெட்டமாட்டார், சுவரை வளைப்பார்!

இத்தனைக்கும் அடிப்படை ஒன்றே. குடியிருக்கப் போகிறவர் எப்படி வாழ்கிறார், எவ்வளவு செலவிட முடியும் என்பதை முதலில் கேட்டறிவார். கொத்தனார்களோடு களத்தில் நின்று, அவர்களுக்குக் கற்பித்தார். அவர்களிடமிருந்து கற்றும் கொண்டார். சிக்கனமாகக் கட்டும் வழிகளைப் படங்களுடன் சிறு நூல்களாக எழுதினார்.

பூசாத சுவருக்கு நல்ல செங்கல்லும் பழகிய கையும் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் இந்த மனப்பான்மை நமக்குப் புதிதா? அன்று மாலை மாமல்லபுரத்தில் திரௌபதி ரதத்தின் முன் நின்றோம். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி, கூரைக் குடிசையின் வடிவத்தையே தெய்வத்துக்கு உகந்த கோயிலாகக் கல்லில் வடித்திருக்கிறான். குடிசையை அவன் இழிவாக நினைக்கவில்லை.

திரும்பும் வழியில் ஒரு மாணவி கேட்டாள்: "ஸார், உங்கள் வீட்டுக்கு வரைபடம் போட்டவர் உங்களிடம் என்ன கேட்டார்?"

"எத்தனை அறை வேண்டும் என்று கேட்டார், அம்மா."

"மத்தியானத்தில் எங்கே உட்காருவீர்கள் என்று கேட்கவில்லையா?"

கேட்கவில்லை. நாமும் சொல்லவில்லை. மறுநாள் காலையில், மரம் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வேப்பங்கன்றை நட்டோம். வீடு கட்டப் போகும் நேயர்கள், கடைக்கால் தோண்டுமுன் அந்தப் பெண்ணின் கேள்வியைத் தங்களுக்குள் ஒரு முறை கேட்டுக்கொள்வார்களாக!