பதினைந்தாவது இலக்கம்

ஸ்ரீபெரும்புதூர் ஸ்ரீராமானுஜர் அவதரித்த ஸ்தலம் என்பதை நாம் அறிவோம். இன்று அவ்வட்டாரத்துத் தொழிற்சாலைகளிலே கைபேசிகள் உற்பத்தியாகின்றன. ஒவ்வொன்றுக்கும் 15 இலக்கங் கொண்ட எண் உண்டு. அதன் கடைசி இலக்கம் வெறும் அலங்காரமன்று, அது காவற்காரன். கடைசியிலிருந்து இரண்டாவது, நான்காவது என ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்து, ஈரிலக்கம் வந்தால் அவற்றைக் கூட்டி, மற்றவற்றோடு சேர்த்தால், மொத்தம் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். 1954-ல் ஹான்ஸ் பீட்டர் லூன் என்பார் காப்புரிமை கோரிய உபாயம் இது. ஓரிலக்கம் பிசகினாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். 09 என்பது 90 என்று இடம் மாறினால் மட்டும் காவற்காரன் ஏமாந்து போவான்!

களவுபோன கைபேசியை முடக்க இவ்வெண்ணையே கேட்கிறார்கள். ஆகையால் நேயர்கள் *#06# என அழுத்தி, தோன்றும் எண்ணை இன்றே வீட்டுக் கணக்குப் புஸ்தகத்தில் குறித்து வைப்பார்களாக.