நேரம் காக்கும் கருவிகள்: குவார்ட்ஸா, ரூபிடியமா?

ஹைதராபாத் நகரின் அமீர்பேட் நிலையத்தில் இரண்டு மெட்ரோ ரயில் பாதைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சந்திக்கின்றன. மியாப்பூர் முதல் எல்.பி. நகர் வரை செல்வது ஒன்று; நாகோல் முதல் ராய்துர்க் வரை செல்வது மற்றொன்று. 2017 நவம்பரில் திறக்கப்பட்ட இந்நிலையத்தில் பயணிகள் ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகின்றனர். சுற்றிலும் கணினிப் பயிற்சி நிலையங்களும் கடைகளும் நிறைந்திருப்பதால், ஆயிரக்கணக்கான கைபேசிகள் ஒரே வேளையில் இயங்குகின்றன.

இத்தகைய இடத்தில் ரயில்களுக்கு நொடிக் கணக்கில் நேரம் ஒத்திருந்தால் பெரும்பாலும் போதும். கைபேசிக் கோபுரங்களுக்கோ அது போதாது. ஒரே அலைவரிசையை அனுப்புதலுக்கும் பெறுதலுக்கும் மாறி மாறிப் பயன்படுத்தும் 5ஜி முறையில், கோபுரங்களின் கடிகாரங்கள் பொது நேரத்திலிருந்து 1.5 மைக்ரோ நொடிக்கு மேல் விலகலாகாது. ஒரு மைக்ரோ நொடி என்பது நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. விலகினால் ஒரு கோபுரத்தின் ஒலிபரப்பு அடுத்த கோபுரத்தின் செவியை அடைத்துவிடும்.

சாதாரணமாக இக்கோபுரங்கள் செயற்கைக்கோளிலிருந்தோ, கண்ணாடியிழைக் கம்பி வழியாகவோ நேரத்தைப் பெறுகின்றன. அத்தொடர்பு அறுந்தால் உள்ளே இருக்கும் அலையியற்றியே துணை. அது எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதே கேள்வி.

குவார்ட்ஸின் இயல்பு

குவார்ட்ஸ் படிகத்தில் மின்னழுத்தம் செலுத்தினால் அது சீராக அதிரும். கைக்கடிகாரத்துப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இதன் பிழை பத்து லட்சத்தில் 20 பங்கு எனக் கொண்டால், ஒரு நாளில் ஏறத்தாழ 1.7 நொடி தவறும். வெப்பம் மாறினால் அதிர்வும் மாறும். ஆகவே உயர்தரப் படிகங்களை ஒரு சிறு வெப்ப அறைக்குள் வைத்து மாறாத சூட்டில் இயக்குகின்றனர். அப்படியும் நாளடைவில் படிகம் முதுமையடைந்து அதிர்வெண் மெல்ல நகரும்.

ரூபிடியத்தின் இயல்பு

ரூபிடியம் கடிகாரத்திலும் குவார்ட்ஸ் உண்டு. ஆனால் அது தன்னிச்சையாக இயங்குவதில்லை. ரூபிடியம் அணுக்கள் நொடிக்கு ஏறத்தாழ 683 கோடியே 46 லட்சம் அதிர்வுகள் கொண்ட நுண்ணலைக்கு மட்டுமே செவிசாய்க்கும். அந்த அளவுகோலைக் கொண்டு, படிகம் பிறழும்போதெல்லாம் அதனைத் திருத்துகின்றனர். 1967இல் நொடிக்கு இலக்கணம் வகுக்கப் பயன்பட்ட சீசியத்தைவிட இது துல்லியத்தில் குறைந்தது. எனினும் அளவில் சிறியது, விலையில் மலிவானது.

கணக்கு என்ன சொல்கிறது?

வெப்ப அறையிலுள்ள நல்ல குவார்ட்ஸின் பிழை 1,000 கோடியில் ஒரு பங்கு என வைத்துக்கொள்வோம். 1.5 மைக்ரோ நொடி விலக அதற்குச் சற்றேறக்குறைய 4 மணி நேரம் ஆகும். பத்து மடங்கு துல்லியமான ரூபிடியத்திற்கு 41 மணி நேரத்திற்கு மேல் ஆகும். வேறு பிழைகளும் சேர்வதால் நடைமுறையில் இவ்வவகாசம் குறையும். ஆயினும் நள்ளிரவில் தொடர்பு அறுந்தால், விடியுமுன் பழுதுபார்த்தாக வேண்டுமா, மறுநாள் வரை பொறுக்கலாமா என்ற வேறுபாடு இதில் அடங்கியுள்ளது.

ரூபிடியமே எங்கும் சிறந்தது எனக் கருதுவதும் தவறு. அதன் விலை பன்மடங்கு, மின்செலவும் அதிகம். கோடையில் 40 பாகை செல்சியஸைத் தாண்டும் ஹைதராபாத்தில், மொட்டை மாடிப் பெட்டிக்குள் வெப்பம் மிகுந்தால் அதன் ஆயுள் குறையும். ஒரு நொடிக்குள் அளக்கும் நிலைப்பில் நல்ல குவார்ட்ஸே பெரும்பாலும் முந்தி நிற்கிறது.

நாட்டின் அனுபவம்

விண்வெளியில் இந்தியா இப்பாடத்தை நேரில் கற்றது. 2013இல் ஏவப்பட்ட முதல் வழிகாட்டிச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஏ, வெளிநாட்டில் செய்யப்பட்ட மூன்று ரூபிடியம் கடிகாரங்களைச் சுமந்து சென்றது. மூன்றும் பழுதுற்றமை 2017இல் வெளியாயிற்று. கடிகாரமின்றி அக்கோளால் இடத்தைக் கணித்துத் தர இயலவில்லை. ஒரு மைக்ரோ நொடிப் பிழையே தொலைவில் 300 மீட்டர் பிழையாகிவிடும். அதன்பின் ஆமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் உருவாக்கிய உள்நாட்டு ரூபிடியம் கடிகாரம், 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01 கோளில் இடம்பெற்றது.

தேர்வு முறை

ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் நேரம் கிடைக்கும் சிறு நிலையங்களுக்கு வெப்ப அறைக் குவார்ட்ஸ் போதுமானது. பல கோபுரங்களுக்கு நேரம் வழங்கும் மைய நிலையத்திலும், பழுதுபார்ப்போர் விரைந்து சென்றடைய முடியாத இடத்திலும் ரூபிடியத்திற்குச் செலவிடுவது தகும். எத்தனை பிழையைத் தாங்கலாம், எத்தனை மணி நேரம் தனித்து நிற்க வேண்டும் என்னும் இரு வினாக்களுக்கு முதலில் விடை கண்டால், எந்தக் கருவி வேண்டும் என்பது தானே விளங்கும். பொதுப் பணம் செலவாகும் இடங்களில் இக்கணக்கைப் போட்ட பின்னரே கொள்முதல் செய்வது நலம்.