மலைப்பாதைக்கு எந்தக் கைக்கடிகாரம்?

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளும் சகோதரர்களும் ஊருக்கு வரும்போது "என்ன வாங்கி வர?" என்று கேட்பது வழக்கம். முன்பு சேலை, சவர்க்காரம், பால்மா என்று சொல்லி வந்த எமது பெண்களில் சிலர் இப்போது ஜி.பி.எஸ். கைக்கடிகாரம் பற்றி விசாரிக்கின்றனர். அண்மையில் மூன்று பேர் என்னிடம் இதையே கேட்டுவிட்டனர். ஒருவர் வவுனியாவில் வசிப்பவர். 1983 வன்செயலின்போது பதுளைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து பெற்றோருடன் வெளியேறிய குடும்பம். சீனி வருத்தத்துக்காக நாளாந்தம் நடக்கும்படி வைத்தியர் கூறியிருக்கிறார். அடுத்தவர் எல்லப் பக்கம் உல்லாசப் பயணிகளுக்கு வழிகாட்டியாகச் செல்லும் இளம்பெண். மற்றவர் பசறைப் பக்கத்தில் கொழுந்து பறிப்பவர். அவருடைய மகன் கட்டாரில் வேலை செய்கிறார்.

நான் பதுளையில் பெண்களின் நடைக்குழுவொன்றுடன் வாரத்தில் இரு நாட்கள் நடப்பவள். பலருக்கும் அனுப்பப்பட்ட பலவகைக் கடிகாரங்கள் எங்கள் கைகளில் மாறி மாறி ஏறியிருக்கின்றன. அந்தப் பழக்கத்தைக் கொண்டே இதனை எழுதுகிறேன். மூவருக்கும் நான் ஒரே பதிலைச் சொல்லவில்லை.

முதலில் ஜி.பி.எஸ். என்றால் என்னவென்று பார்ப்போம். பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றிவரும் அமெரிக்கச் செய்மதிகள் இடைவிடாது நேரத்தை அறிவித்துக்கொண்டிருக்கின்றன. குறைந்தது நான்கு செய்மதிகளின் அறிவிப்புகள் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துக் கடிகாரம் தான் இருக்குமிடத்தைக் கணக்கிடுகிறது. 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான இந்தச் சமிக்ஞையை அமெரிக்கா வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. 100 மீற்றர் வரை பிழை வரும். அந்தத் தடை நீங்கிய பின்னரே நடப்பவருக்கும் ஓடுபவருக்கும் இது உபயோகமான பொருளாயிற்று. இன்று ரஷ்யா, ஐரோப்பா, சீனா ஆகியவற்றின் செய்மதிகளையும் சேர்த்துப் பயன்படுத்தும் கடிகாரங்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன.

இங்கு ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஜி.பி.எஸ். கேட்கும் கருவியே தவிரப் பேசும் கருவி அல்ல. வீட்டு வானொலிப் பெட்டி எங்கிருக்கிறது என்று வானொலி நிலையத்துக்குத் தெரியுமா? அதுபோலத்தான் இதுவும். "இதைக் கட்டினால் யாரோ எங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார்களா?" என்று யுத்தத்தைக் கண்ட பெண்கள் கேட்பது நியாயமான கேள்வி. செய்மதி எவரையும் பார்ப்பதில்லை. ஆனால் கடிகாரம் குறித்து வைத்த பாதை கைத்தொலைபேசிக்கும், அங்கிருந்து இணையத்துக்கும் போகும்போதுதான் கவலை தொடங்குகிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்துக்குள்ளேயே ஜி.பி.எஸ். இருக்கிறதா என்பது. விலை குறைந்த பலவற்றில் அது இல்லை. அவை சட்டைப் பையிலுள்ள கைத்தொலைபேசியின் ஜி.பி.எஸ்.ஸை இரவல் வாங்குகின்றன. பெயரை வைத்து இதைக் கண்டுபிடிப்பது கடினம். உதாரணமாக, ரெட்மி வாட்ச் 3 இல் சொந்த ஜி.பி.எஸ். உண்டு, ரெட்மி வாட்ச் 3 அக்டிவ் என்பதில் இல்லை. ஒரே சொல்தான் வித்தியாசம். கைத்தொலைபேசியைக் கடையிலேயே வைத்துவிட்டு, கடிகாரத்தை மட்டும் வெளியே கொண்டுபோய், வானம் தெரியும் இடத்தில் நின்று "வெளிநடை" என்பதை இயக்கிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காமல் விடுவதே நல்லது.

அடுத்தது உயரம். சமவெளியில் வசிப்பவருக்கு இது பெரிய விடயமில்லை. ஊவாவிலோ அதுதான் முக்கியம். தெமோதரையில் புகையிரதப் பாதை வளையமாகச் சுற்றி வந்து, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினூடாகச் செல்வதை நீங்கள் அறிவீர்கள். வரைபடத்தில் அது ஒரே புள்ளி. உண்மையில் மேலே ஒன்று, கீழே ஒன்று. செய்மதியை மட்டும் நம்பும் கடிகாரம் இடத்தை ஓரளவு சரியாகச் சொன்னாலும் உயரத்தில் கூடுதலாகத் தடுமாறும். (சுரங்கத்துக்குள் அதற்கு எதுவுமே கேட்காது என்பது வேறு விடயம்.) ஆகவே மலையில் நடப்பவர் காற்றழுத்தமானி உள்ள கடிகாரத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைவதைக் கொண்டு அது ஏற்றத்தைக் கணிக்கிறது. மழை வரும்போதும் அழுத்தம் மாறும் என்பதால், உயரம் தெரிந்த இடமொன்றில் இடைக்கிடை சரிபார்த்துக்கொள்வது அவசியம். புகையிரத நிலையங்களின் பெயர்ப்பலகையில் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதியிருப்பது இதற்குப் பெரிய உதவி.

ஏற்றத்தை அறிவதால் என்ன பயன் என்று கேட்கலாம். தோமஸ் லிப்டன் 1890 இல் கட்டிய தம்பேதன்னைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் வரை சுமார் 7 கிலோமீற்றர். பதுளை நகரத்துக்குள் நடக்கும் 7 கிலோமீற்றரும் அதுவும் ஒன்றல்ல என்பது எமது முழங்காலுக்குத் தெரியும். தூரத்தை மட்டும் காட்டும் கடிகாரத்துக்குத் தெரியாது.

கொழுந்து பறிக்கும் சகோதரியிடம் ஒரு நாள் எனது கடிகாரத்தைக் கொடுத்துப் பார்த்தேன். வேடிக்கைதான். ஒரே இடத்தில் நின்று இரு கைகளாலும் பறித்த நேரமெல்லாம் படிகள் ஏறிக்கொண்டே போயின. கொழுந்துச் சாக்கை இரு கைகளாலும் தலையில் பிடித்துக்கொண்டு மடுவத்துக்கு இறங்கியபோது எண்ணிக்கை அசையவே இல்லை. கடிகாரம் எண்ணுவது காலை அல்ல, கையின் ஆட்டத்தை. தலையிலுள்ள பாரம் அதன் கணக்கிலேயே இல்லை. நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்று எல்லோரும் சொல்வதும் வைத்திய ஆராய்ச்சியில் பிறந்த கணக்கல்ல. 1965 இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. காலையிலிருந்து மாலைவரை மலையில் நிற்பவருக்கு இன்னும் நடக்கும்படி சொல்லும் கடிகாரம் எதற்கு? மகனின் பணத்தை வேறு தேவைக்கு வைக்கும்படியும், அரசாங்க வைத்தியசாலையில் பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்க்கும் நாளைக் கேட்டறியும்படியும் அவருக்குச் சொன்னேன்.

இதே காரணத்தால் செயற்கைக் காலுடன் நடக்கும் சகோதரிகளுக்கும், ஊன்றுகோல் பிடிப்பவர்களுக்கும் படிக்கணக்கு பெரும்பாலும் பிழைக்கும். ஜி.பி.எஸ். தூரம் பிழைக்காது. நடை எப்படியிருந்தாலும் இடம் மாறியதைத்தான் அது அளக்கிறது. படியை மறந்துவிட்டுத் தூரத்தையும் நேரத்தையும் மட்டும் பாருங்கள்.

வவுனியாச் சகோதரிக்கு நான் சொன்னது அவருக்குச் சற்று ஏமாற்றமாக இருந்திருக்கும். கைத்தொலைபேசியிலேயே ஜி.பி.எஸ். இருக்கிறது, இலவசச் செயலி ஒன்று தூரத்தைச் சொல்லிவிடும். வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்புச் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் ஆலோசனை. நிமிடத்தை எண்ணச் சாதாரணக் கடிகாரம் போதும். மிதமான வேகம் எதுவென்று அறிய, நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட்டுப்பாட முடியக்கூடாது. தோழியுடன் நடந்தால் இந்தச் சோதனையைத் தனியாகச் செய்ய வேண்டியதே இல்லை. கடிகாரத்தின் பின்புறப் பச்சை வெளிச்சம் காட்டும் இதயத்துடிப்பு ஓரளவு உதவும். பட்டி தளர்ந்திருந்தாலோ, அதிகாலைக் குளிரிலோ அது பிழையாகக் காட்டும். அதைப் பார்த்து மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

உண்மையில் இந்தக் கடிகாரம் தேவைப்படுவது எல்லவிலுள்ள வழிகாட்டிப் பெண்ணுக்குத்தான். கண்டியிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்களாக அமைந்துள்ள பீக்கோ நடைபாதை அப்புத்தளை, எல்ல, தெமோதரை, ஹாலிஎல ஊடாகச் செல்கிறது. அந்தத் தொழிலில் எமது தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் பங்கிருக்க வேண்டுமென்பது என் விருப்பம். அவருக்குப் பாதையைக் கடிகாரத்தில் ஏற்றித் தொடரும் வசதி வேண்டும். மூடுபனி இறங்கினால் தேயிலை மலையில் எல்லா வரிசையும் ஒன்றுபோலத்தான் தெரியும். தொடுதிரை மட்டும் போதாது. ஈரக் கைக்கு அழுத்தும் பொத்தான் அவசியம். 50 மீற்றர் நீரழுத்தம் தாங்கும் என்ற குறிப்பு இருந்தால் மழைக்குப் பயமில்லை. பற்றரியைக் கணக்கிடும்போது "14 நாள்" என்று பெட்டியில் உள்ளதை நம்பக்கூடாது. அது ஜி.பி.எஸ். இயங்காத கணக்கு. இயங்கும்போது எத்தனை மணித்தியாலம் என்று கேட்க வேண்டும். கார்மின் ஃபோர்ரன்னர் 55 க்கு 20 மணித்தியாலம். ஆனால் அதில் காற்றழுத்தமானி இல்லை. கோரோஸ் பேஸ் 3 க்கு 38 மணித்தியாலம். காற்றழுத்தமானியும் பாதை காட்டும் வசதியும் உண்டு. துணிப் பட்டியுடன் 30 கிராம்தான். 2023 இல் அது 229 டொலருக்கு வெளிவந்தது. டொலரை 300 ரூபா என்று வைத்தால் 68,700 ரூபா. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்கூலியில் இது ஏறக்குறைய 51 நாள் உழைப்பு. தொழிலுக்கு வாங்குபவர் இதைத் திரும்பச் சம்பாதிக்கலாம். நுண்கடனிலும் தவணையிலும் யாரும் இதை வாங்க வேண்டாம்.

காற்றழுத்தமானி உள்ள சில கடிகாரங்கள் அழுத்தம் சட்டென்று விழும்போது புயல் எச்சரிக்கை ஒலிக்கும். அது மண்சரிவு எச்சரிக்கை அல்ல. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தயைக் கண்ட, 2025 நவம்பரில் டித்வா புயலைக் கண்ட எமது மாவட்டத்தில் இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. மழை நாளில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை அழைத்துக் கேட்டுவிட்டே பாதையில் இறங்க வேண்டும். வழியில் யாராவது விழுந்தால் 1990 அம்பியூலன்ஸ் சேவைக்குக் கடிகாரம் காட்டும் அகலாங்கு, நெட்டாங்கு எண்களை வாசித்துச் சொல்லலாம். அந்த எண்கள் எந்தப் பக்கத்தில் தெரியும் என்பதை வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

இனி நான் முன்பு சொன்ன கவலை. 2018 ஜனவரியில், ஸ்ட்ராவா என்ற செயலி வெளியிட்டிருந்த உலக வரைபடத்தில் இராணுவ முகாம்களின் உட்பாதைகள்கூடத் தெரிந்தன. சிப்பாய்கள் கடிகாரத்துடன் ஓடியதே காரணம். முகாமுக்கே அந்த நிலை என்றால், தனியாகப் பிள்ளைகளுடன் வாழும் பெண் தினமும் ஒரே நேரத்தில் ஒரே வாசலிலிருந்து புறப்படுவதை அந்நியர் பார்ப்பது எவ்வளவு ஆபத்து? செயலியைத் திறந்தவுடன் "நான் மட்டும்" பார்க்கும்படி அமைப்பை மாற்றுங்கள். வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை மறைக்கும் வசதியையும் போடுங்கள். பதிவை வீட்டு வாசலில் அல்ல, சந்தியில் தொடங்குங்கள். மாதவிடாய்க் கணக்கை அதில் எழுதுவதா என்பது உங்கள் விருப்பம். நான் நாட்காட்டியில்தான் குறிக்கிறேன்.

பாவித்த கடிகாரம் கிடைத்தால் மறுக்க வேண்டியதில்லை. 400 மீற்றர் ஓடுபாதையுள்ள மைதானத்தில் உள்வட்டத்தில் ஐந்து சுற்று நடந்து, 2,000 மீற்றருக்குப் பக்கத்தில் காட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு மணித்தியாலம் ஜி.பி.எஸ்.ஸை இயக்கிப் பற்றரி எவ்வளவு இறங்குகிறது என்று குறியுங்கள். முக்கியமாக, முன்பு பாவித்தவரின் கணக்கை அவர் முன்னிலையிலேயே நீக்கச் சொல்லி, உங்கள் கணக்கில் இணைத்த பிறகே பணத்தைக் கொடுங்கள். நீக்காமல் விட்டால் நீங்கள் நடக்கும் பாதை அவருடைய கைத்தொலைபேசிக்குப் போய்ச் சேரலாம்.