உங்களுக்குத் தெரியுமா? ஊர் விட்டு ஊர் வந்த கால்கள்

● டூராண்ட் கோப்பை இரண்டு முறை நீலகிரிக்கு வந்திருக்கிறது. 1888-ல் சிம்லா பக்கம் தொடங்கிய அந்தப் போட்டிதான் ஆசியாவிலேயே பழைய கால்பந்துப் போட்டி. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், ஹைதராபாத் போலீஸ் என்று ஜாம்பவான்கள் கோலோச்சிய ஐம்பதுகளில், 1955-லும் 1958-லும் அதைத் தட்டிவந்தது குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம். மலைக்காரர்கள் எம்.ஆர்.சி. என்பார்களே, அதேதான்.

அந்த அணியின் கோல் காவலர் பீட்டர் தங்கராஜ். செகந்திராபாத்தில் பந்து பழகி, பட்டாளத்தில் சேர்ந்து வெலிங்டனுக்கு வந்தவர். முதலில் சென்டர் ஃபார்வர்டாகத்தான் ஆடினார். பிறகுதான் கோல் கம்பத்துக்கு நகர்ந்தார். மெல்போர்ன், ரோம் ஒலிம்பிக் அணிகளிலும், 1962-ல் ஜகார்த்தாவில் தங்கம் வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 1967-ல் அர்ஜுனா விருது. இப்படி ஒருவர் வெலிங்டன் மண்ணில் ஆடினார் என்பது அந்த வழியாகத் தினமும் பேருந்தில் போகும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

● ஊட்டியும் மெக்சிகோ சிட்டியும் ஏறக்குறைய ஒரே உயரம்: கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். 1970, 1986 உலகக் கோப்பை இறுதி ஆட்டங்கள் இரண்டும் நடந்தது மெக்சிகோ சிட்டியின் அஸ்டெகா மைதானத்தில். பெலேவும் மரடோனாவும் கோப்பையை உயர்த்திப் பிடித்தபோது சுவாசித்தது, கிட்டத்தட்ட நம் ஊட்டிக் குழந்தைகள் சுவாசிக்கும் அதே மெல்லிய காற்றைத்தான்.

அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பந்துக்குத் தடை குறைவதால் வேகம் சீக்கிரம் அடங்காது. சுழற்றி உதைத்தாலும் எதிர்பார்த்த அளவு வளையாது. அதிகம் திண்டாடுவது நடுக்கள வீரர்தான். ஒரு முழு ஆட்டத்தில் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுபவர் அவர். சமவெளியிலிருந்து வந்து அன்றைக்கே களமிறங்கினால், முதல் பாதி முடிவதற்குள் நெஞ்சு அடைக்கும். உடம்பு பழக நாளாகும்.

● 2007 மே மாதம் ஃபிஃபா, 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேச ஆட்டங்கள் கூடாது என்றது. பொலிவியா கொதித்தெழுந்தது. அதன் அதிபர் ஈவோ மொராலெஸ் தாமே மலையுச்சியில் பந்தாடி எதிர்ப்பைக் காட்டினார். மறு ஆண்டே தடை நிறுத்திவைக்கப்பட்டது. அந்தக் கணக்கில் பார்த்தாலும் ஊட்டிக்குத் தடை இருந்திருக்காது. 2,637 மீட்டர் தொட்டபெட்டா சிகரத்துக்குத்தான் தடை விழுந்திருக்கும்!

● மலையில் சமதளம் அரிது. தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே 105 மீட்டர் நீள மைதானம் வெட்டுவது லேசான வேலையல்ல. தென்மேற்குப் பருவமழை கூடலூரை நனைத்துவிட்டுப் போனால், வடகிழக்குப் பருவமழை குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வந்து நிற்கும். உள்ளரங்கக் கால்பந்தான ஃபுட்சாலுக்கோ 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் போதும், மேலே ஒரு கூரை. பக்கத்துக்கு ஐந்து பேர், அதிகம் எகிறாத சிறிய பந்து. மலை மாவட்டத்துக்கென்றே செய்ததுபோல ஓர் ஆட்டம். தாலுகாவுக்கு ஓர் உள்ளரங்கம் கேட்பது பேராசையில்லை.

● அமெரிக்காவின் உள்ளரங்கக் கால்பந்து வேறு வகை. ஐஸ் ஹாக்கிக் களம்போலச் சுற்றிலும் தடுப்புச் சுவர். சுவரில் பட்டுத் திரும்பும் பந்தும் ஆட்டத்தில்தான் இருக்கிறது. கேரம்போர்டில் ரீபவுண்ட் அடித்துப் பழகியவர்களுக்கு அந்தக் கணக்கு உடனே பிடிபடும். பக்கத்துக்கு ஆறு பேர். மூச்சுவிட நேரமிருக்காது.

அந்தச் சுவர்களுக்குள் வளர்ந்து உலகக் கோப்பை வரை போனவர் ப்ரெகி. முழுப்பெயர் ப்ரெட்ராக் ரடோசாவ்லெவிச். 1963-ல் பெல்கிரேடில் பிறந்தார். ரெட் ஸ்டார் அணியில் இருந்தவரை, அர்செனலின் முன்னாள் ஆட்டக்காரர் பாப் மெக்நாப் கண்டெடுத்து, 1985-ல் அமெரிக்காவின் டகோமா ஸ்டார்ஸ் உள்ளரங்க அணிக்கு அழைத்துப்போனார். 1989-ல் அந்த அணி ஆடிய உள்ளரங்க லீகின் மிகச் சிறந்த வீரர் என்ற பட்டம் கிடைத்தது. 1992-ல் லீகே இழுத்து மூடப்பட்டது.

இருபத்தொன்பது வயது. கூரையடியில் ஏழு ஆண்டுகள் ஆடிய கால்கள். இனி திறந்தவெளி எதற்கு என்று யாரும் சொல்லியிருப்பார்கள். அவர் இங்கிலாந்துக்குப் போய் எவர்டனிலும் போர்ட்ஸ்மவுத்திலும் ஆடினார். 1996-ல் அமெரிக்காவில் எம்.எல்.எஸ். லீக் தொடங்கியதும் கான்சாஸ் சிட்டி அணியில் சேர்ந்தார். அதே ஆண்டு அமெரிக்கக் குடிமகன் ஆனார்.

1998 பிப்ரவரி 10, லாஸ் ஏஞ்சல்ஸ். கோல்ட் கப் அரையிறுதி. எதிரே பிரேசில். 1–0 என்று அமெரிக்கா வென்றது. பிரேசிலை அது வீழ்த்தியது அதுவே முதல் முறை. அந்த ஒரே கோலை அடித்தவர், குடியுரிமை பெற்று ஒன்றரை ஆண்டுகூட ஆகாத ப்ரெகி. அதே ஆண்டு உலகக் கோப்பையில் அமெரிக்கா இருந்த பிரிவிலேயே, அவர் பிறந்த யூகோஸ்லாவியாவும் இருந்தது.

எம்.எல்.எஸ். சிறந்த வீரர் விருது 1997-ல் ஒரு முறை கிடைத்தது. இரண்டாவது முறை 2003-ல், நாற்பது வயதில், 12 கோல், 17 கோல் உதவிகளுடன். அதை இருமுறை பெற்ற முதல் ஆள் அவர்தான். இடத்தை நொடியில் அளந்து, இடது காலில் வெட்டித் திரும்பும் அந்த வித்தை உள்ளரங்கம் தந்த சொத்து என்றே நான் நினைக்கிறேன். சுவர் நெருக்கும் இடத்தில் வழி கண்டவருக்குத் திறந்த மைதானம் கடலாகத்தானே தெரியும்?

● நேர் எதிர்க் கதை பிரேசிலின் ஃபல்காவோ. ஃபுட்சாலின் மன்னன். 2005-ல் சாவோ பாலோ அணிக்காகத் திறந்தவெளிக்கு வந்து, சில மாதங்களிலேயே கூரையடிக்குத் திரும்பிவிட்டார். 2016 ஜூலையில் பிரீமியர் ஃபுட்சால் போட்டியில் அவர் ஆடியது சென்னை அணிக்கு! ஜவாஹர்லால் நேரு உள்ளரங்கில் ஸ்கோல்ஸ், கிக்ஸ், ரொனால்டினோ எல்லாரும் வந்திறங்கினார்கள். அங்கே ஓர் ஆட்டத்தில் ரொனால்டினோ மட்டும் 5 கோல் அடித்தார். போட்டிக்கான பாட்டுக்கு இசை ஏ.ஆர். ரஹ்மான்.

● கூடலூரிலிருந்து நாடுகாணி சுரம் இறங்கினால் வழிக்கடவு, நிலம்பூர், மலப்புறம். செவன்ஸ் கால்பந்தின் தாய்வீடு. பக்கத்துக்கு ஏழு பேர், இரவு விளக்கு, தற்காலிகமாகக் கட்டிய கேலரி. மழை ஓய்ந்த பிறகு தொடங்கி அடுத்த மழைக்குள் முடியும் பருவம். கானா, நைஜீரியா, லைபீரியா என்று ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வரும் ஆட்டக்காரர்கள் அங்கே ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஆடுகிறார்கள். கால் பிசகினால் அன்றோடு வருமானம் நின்றது. அவர்கள் வாழ்க்கையைத் திரையில் காட்டிய ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ 2018-ல் வந்தது. பார்க்காதவர்கள் தேடிப் பார்க்க வேண்டிய படம்.

● சென்னையின் எஃப்.சி.க்காக 2014-ல் ஐ.எஸ்.எல். தங்கக் காலணியை வென்ற எலானோ, நடுக்கள வீரர்! முன்கள வீரர்களை முந்தி 8 கோல். 2010 உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு 2 கோல் அடித்த கால் அது.

● இந்தியாவுக்காக ஆட ஜப்பான் கடவுச்சீட்டைத் துறந்த நடுக்கள வீரர் அராடா இசுமி. ஜப்பானின் ஷிமோனோசெகியில் பிறந்தவர். தந்தை இந்தியர், தாய் ஜப்பானியர். ஈஸ்ட் பெங்கால், மஹிந்திரா யுனைடெட், புனே எஃப்.சி. என்று ஆண்டுக்கணக்கில் இங்கே ஆடினார். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு இந்திய அணியில் ஆட முடியாது. இரட்டைக் குடியுரிமையும் இங்கே கிடையாது. இரண்டில் ஒன்றுதான். அவர் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தார். 2013 பிப்ரவரியில், முப்பது வயதில், கொச்சியில் பாலஸ்தீனத்துக்கு எதிராக முதல் ஆட்டம். இந்தியா தோற்றது. ஆனாலும் ஒருவர் தன் தேசத்தையே கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு நம் நீலச் சட்டையை அணிந்த நாள் அது. இதற்குக் கிடைத்த கைதட்டல் போதாது என்பது என் வருத்தம்.

● ஈரானின் 1978 உலகக் கோப்பை அணியில் இருந்த மஜித் பிஷ்கர், இந்தியா வந்தது கால்பந்துக்காக அல்ல, அலிகரில் படிக்க. கூடவே ஜம்ஷித் நசிரியும். 1980-ல் ஈஸ்ட் பெங்கால் இருவரையும் கொல்கத்தாவுக்கு இழுத்தது. மஜித் பின்னாளில் ஈரான் திரும்பினார். 2019-ல் கிளப்பின் நூற்றாண்டுக்கு வந்தபோது விமான நிலையத்தில் ரசிகர் வெள்ளம். ஜம்ஷித் கொல்கத்தாவிலேயே தங்கிவிட்டார். அவர் மகன் கியான் நசிரி, 2022 ஜனவரி 29 அன்று மாற்று ஆட்டக்காரராக இறங்கி, அப்பாவின் பழைய ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராகவே மோகன் பகானுக்காக ஹாட்ரிக் அடித்தார். 2024-ல் அவர் சேர்ந்தது நம் சென்னையின் எஃப்.சி.யில்.